வட்டிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: குழுக் கூட்டத்திலும் வகுப்பறையிலும் நிதிக் கல்வி நடத்தும் முறை

நிதிக் கல்வி என்ற பெயரில் கிராமங்களிலும் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் நடத்தப்படும் கூட்டங்களில் பெரும்பாலானவை, சிக்கனமாக இருங்கள், சேமித்துப் பழகுங்கள் என்ற அறிவுரையில் தொடங்கி அதே அறிவுரையில் முடிந்துவிடுகின்றன. கேட்க வந்த பெண்ணோ, மகளிர் குழுவுக்கு மாதச் சந்தா, தெருமுனைக் கடையில் பற்று, தீபாவளிச் சீட்டு, அடகில் இருக்கும் தோடு, வாரந்தோறும் கட்டும் குழுக் கடன், வரும் முகூர்த்தத்தில் செய்ய வேண்டிய மொய் என ஐந்தாறு கணக்குகளை எங்கும் எழுதி வைக்காமல் மனத்திலேயே நடத்திக்கொண்டிருப்பார். அவரிடம் சேமிப்பின் அருமையைப் பற்றிப் பேசுவது வீண் வேலை. தாம் வாங்கியிருக்கும் கடன்களில் எது மலிவு, எது விலை கூடியது என்பதை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் வழிதான் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்காமல் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் சேமிப்பும் காப்பீடும் வங்கிப் பழக்கமும் அதன் பின்னே தாமாக வரும் என்ற எண்ணத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி தருவோர், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் கல்லூரி மாணவர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊரின் பண நடமாட்டத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கூலி வாரக் கடைசியில் வருகிறதா, நாள்தோறும் வருகிறதா. நாள்தோறும் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் எந்த நேரத்தில் வருகிறார். நுண்கடன் நிறுவனத்தின் சென்டர் மீட்டிங் எனப்படும் தவணை வசூல் கூட்டம் எந்தக் கிழமை. வங்கிக் கிளை எவ்வளவு தொலைவு, அதன் முகவர் கைரேகை இயந்திரத்துடன் ஊருக்குள் வருகிறாரா. அடகுக் கடையில் மாதத்துக்கு எத்தனை வட்டி என்பவற்றைக் குழுவின் ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ அரை மணி நேரம் பேசினாலே தெரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் புதியவை அல்ல. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அவற்றைத் தொடங்கியது. 1992இல் குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் நபார்டின் திட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதிப் பழகிய ஓர் அமைப்பின் முன் நிற்கிறோம் என்ற நினைவு பயிற்றுநருக்கு இருந்தால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

கூட்டத்தை அவர்களுடைய மாதாந்திரக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. தனியாக அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். கூலியை இழந்து வந்து பணத்தைப் பற்றிப் பாடம் கேட்கச் சொல்வது முறையாகாது. யாருடைய வருமானத்தையும் கடனையும் சபையில் கேட்கக் கூடாது. எதிரில் இருப்பவர் நாத்தனாராகவோ, கடன் கொடுத்தவராகவோ இருக்கலாம். கற்பனையான ஒரு பூக்காரர், ஒரு கட்டடத் தொழிலாளி என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவரவர் தம் கணக்கை உள்ளுக்குள் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு நிபந்தனையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காப்பீட்டு முகவரோ, சீட்டு நிறுவனத்தின் ஆளோ, கடன் வழங்கும் நிறுவனத்தின் களப்பணியாளரோ தம் பொருளை விற்கும் நோக்கத்துடன் உங்கள் மேடையைப் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள். அன்றைக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், அதுவரை சொன்ன அனைத்தும் விற்பனைப் பேச்சாகவே ஊரில் நினைவுகூரப்படும்.

தண்டல் கணக்கு: முதல் கூட்டத்துக்கு இது ஒன்றே போதும்

ஒரு தட்டில் தொண்ணூறு புளியங்கொட்டைகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நூறு ரூபாய். கற்பனைப் பூக்காரர் பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் வாங்குகிறார். முன்பிடித்தம் போகக் கையில் கிடைப்பது ஒன்பதாயிரம். நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இதற்கு என்ன வட்டி என்று கேட்டால், பத்தாயிரத்துக்கு ஆயிரம், அதாவது நூற்றுக்குப் பத்து என்று பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு, தட்டைப் பூக்காரராக நடிக்கும் பெண்ணிடமும், வெறும் கிண்ணத்தைத் தண்டல்காரராக நடிப்பவரிடமும் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கொட்டை தட்டிலிருந்து கிண்ணத்துக்குப் போகட்டும்.

ஐம்பதாம் நாளில் நிறுத்துங்கள். தட்டில் நாற்பது கொட்டைகள்தான் இருக்கும். பத்தாயிரத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவரிடம் அன்று இருக்கும் தண்டல்காரர் பணம் நாலாயிரம் மட்டுமே என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். தொண்ணூறாம் நாளில் தட்டு காலியாகும். அதற்கு மேல் பத்து நாளும் தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கொட்டை கொடுக்க வேண்டும். தொண்ணூறில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிந்ததால், சராசரியாக அவர் கையில் இருந்தவை நாற்பத்தைந்து கொட்டைகள், அதாவது 4,500 ரூபாய். அதை வைத்திருந்ததற்குக் கொடுத்த கூலி ஆயிரம். நூறு நாளை மாதக் கணக்குக்கு மாற்றினால் நூற்றுக்கு மாதம் ஆறரை ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ எண்பது சதவீதம். முன்பிடித்தம் ஆயிரத்து ஐந்நூறு என்றால், அது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இதைச் சொன்னதும் அறையில் ஓர் அமைதி ஏற்படும். தண்டல் வாங்குவது முட்டாள்தனம் என்று அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். அதிகாலையில் மொத்தச் சந்தைக்குப் போகுமுன் கையில் பணம் வேண்டும் என்பவருக்கு, ஆதாரும் கேட்காமல், விடுப்பும் போட வைக்காமல், வாசலுக்கே வந்து தருபவர் தண்டல்காரர் ஒருவர்தான். அந்த வசதிக்கு அவர் வாங்கும் விலை இது. விலையைத் தெரிந்துகொண்டு வாங்குவதா, வேறு வழி தேடுவதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. வேறு வழிகளை அடுத்துச் சொல்லுங்கள். குழுவின் உள்கடன் வழக்கமாக ஒரு வட்டி, இரண்டு வட்டியில், அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்று அல்லது இரண்டு ரூபாயில் கிடைக்கும். சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் தொடங்கப்பட்ட பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும்; முதலில் பத்தாயிரமாக இருந்த முதற்கடன் 2025இல் பதினைந்தாயிரமாக உயர்த்தப்பட்டது; தவணை தவறாதவர்களுக்கு ஏழு சதவீத வட்டி மானியமும் உண்டு. அதற்கு உள்ளாட்சி அமைப்பு தரும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும் என்பதால், எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கேட்க வேண்டும் என்பதை நீங்கள் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது அவசியம்.

எல்லாக் கடனையும் ஒரே வட்டிக்கு மாற்றுதல்

இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு விதியைக் கற்றுக்கொடுத்தால் போதும். வங்கிகள் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கின்றன. ஊரில் மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்கிறார்கள். ஆண்டுச் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஊர்க்கணக்கு வந்துவிடும். ஒன்பது சதவீத நகைக்கடன் முக்கால் வட்டி; இருபத்து நாலு சதவீத நுண்கடன் இரண்டு வட்டி. இதை அறிந்தவுடன், அடகுக் கடையில் மூன்று வட்டிக்கு இருக்கும் நகையை மீட்டுக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாமே என்று யாராவது ஒருவர் தாமாகவே கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வண்டிக் கடனிலும் வீட்டு உபயோகப் பொருள் கடனிலும் 'பிளாட் ரேட்' என்று சொல்லப்படும் முறையில், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. ஐம்பதாயிரம் ரூபாயைப் பன்னிரண்டு சதவீதம் பிளாட் முறையில் இரண்டு ஆண்டுக்கு வாங்கினால், வட்டி பன்னிரண்டாயிரம்; மாதத் தவணை 2,583 ரூபாய். குறையும் நிலுவைக்கு வட்டி என்ற வங்கிக் கணக்கில் பார்த்தால் இது ஏறத்தாழ இருபத்தொன்றரை சதவீதம். புளியங்கொட்டை விளையாட்டை ஆடியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கவே வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் வங்கிசாரா நிறுவனங்களும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீதத்தைக் குறிப்பிட்டு, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு சதவீதத்தை மட்டும் தேடிப் பன்னிரண்டால் வகுக்கப் பழக்குங்கள்.

நுண்கடன் பற்றிப் பேசும்போது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளில் மூன்றையாவது பலகையில் எழுதுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. இவற்றை விடவும் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று, பெயரை இரவல் கொடுக்கும் பழக்கம். தோழிக்காகவோ குழுத் தலைவிக்காகவோ தம் பெயரில் கடன் வாங்கிக் கொடுப்பது பல ஊர்களில் நட்பின் கடமையாகவே கருதப்படுகிறது. அவர் கட்டாமல் போனால் கடன் வரலாற்றில் கறை விழுவது கையெழுத்துப் போட்டவருக்குத்தான். முடியாது என்று நேரடியாகச் சொல்ல வழியில்லாத உறவுகளில், 'வங்கியில் சிபில் பார்ப்பார்கள், அக்கா, எனக்கே கிடைக்காமல் போய்விடும்' என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பழக வைப்பது அறிவுரையைக் காட்டிலும் பயன்படுகிறது. கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம் என்பதையும் கைப்பேசியில் செய்து காட்டுங்கள்.

வட்டி, மிரட்டலாக மாறியிருக்கும் இடத்தில் கணக்குப் பாடம் மட்டும் போதாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அதற்கு முன்பே, 2003இல், அதிக வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் மற்றொரு சட்டமும் வந்திருக்கிறது. இத்தகைய நிலையில் இருப்பவரைக் கூட்டம் முடிந்தபின் தனியாகச் சந்தித்து, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் 15100ஐயும், திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தையும் சொல்லி, முடிந்தால் உடன் செல்லுங்கள்.

பாஸ்புத்தகத்தைப் பாடநூலாக்குதல்

மூன்றாவது கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புத்தகத்துடன் வரட்டும். ஜன்தன் கணக்குக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. இருந்தும் பிடித்தம் நடந்திருந்தால், அது சாதாரணச் சேமிப்புக் கணக்கா என்று பார்த்து, அடிப்படைக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாயாக வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி, எரிவாயு மானியம் ஆகிய வரிகளை ஒவ்வொருவரும் விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

பிறகு 20, 436 என்ற இரண்டு எண்களைத் தேடச் சொல்லுங்கள். முதலாவது, ஆண்டுக்கு இருபது ரூபாய்க்கு இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா. பதினெட்டு முதல் எழுபது வயது வரை சேரலாம். இரண்டாவது, எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம் தரும் ஜீவன் ஜோதி. ஐம்பது வயது வரை சேரலாம், ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் முப்பது நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே தொகை கிடைக்கும். இரண்டும் ஜூன் முதல் மே வரையிலான ஆண்டுக்கு உரியவை. மே இறுதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு நின்றுவிடும். இந்தத் தொகை பிடிக்கப்பட்டிருப்பதே தெரியாத குடும்பங்கள், ஆள் இறந்த பின்பும் கேட்காமலே விட்டுவிடுகின்றன. ஆகவே, பாஸ்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'விபத்துக் காப்பீடு உண்டு, வங்கியில் கேட்கவும்' என்று பேனாவால் எழுத வைத்து, வாரிசு நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரிய விளக்கப்படங்கள் செய்யாத வேலையை இந்த ஒரு வரி செய்யும்.

சீட்டைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. சீட்டு என்றாலே மோசடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அது உண்மையும் அன்று. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஏலச்சீட்டு வேறு, நம்பிக்கையின் பேரில் ஒருவர் வீட்டில் நடக்கும் தீபாவளிச் சீட்டு வேறு, மாதம் பத்து வட்டி தருவதாக ஆசை காட்டிப் பணம் திரட்டும் நிறுவனம் வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களின் கதை கொங்கு மண்டலத்தில் எந்த ஊரிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அவரையே பேச விடுங்கள். அதன் பிறகு, 'நகை வைத்தால் வங்கி முக்கால் வட்டிக்குக் கடன் தரும்போது, இவர் ஏன் உங்களுக்குப் பத்து வட்டி கொடுத்துப் பணம் வாங்குகிறார்?' என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு

முன்பு பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. மாணவர்களே வரவு வைத்துக் கணக்கு எழுதினார்கள். இன்றைய மாணவருக்குப் பணம் உண்டியலில் தொடங்குவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயை நேரே வங்கிக் கணக்கில் செலுத்தத் தொடங்கின. பலருக்கும் அதுவே முதல் ஏடிஎம் அட்டை. எனவே பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே சொல்லித் தர வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, கணக்கை வாடகைக்கு விடாமை. 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று ஒரு சீனியரே கேட்பார். மோசடிப் பணம் அந்த வழியில் போகும்போது காவல்துறை முதலில் வந்து நிற்பது அந்த மாணவரின் வீட்டு வாசலில்தான். கணக்கு முடங்குவதுடன் வழக்கிலும் பெயர் சேரும். இரண்டாவது, பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது என்பது. இதை வாயால் சொல்வதை விட, இரண்டு மாணவர்களை ஒரு ரூபாய் அனுப்பச் செய்து, எண்ணை யார் தட்டினார், யார் தட்டவில்லை என்று வகுப்பையே கவனிக்க வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையவழிக் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். நம் தவறு இல்லாமல், வெளியாரின் ஊடுருவலால் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்மைச் சேராது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. ஏமாந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் மாணவர்கள் இழப்பது இந்த நேரத்தைத்தான். ஆகையால் ஏமாந்தவரைக் கேலி செய்யும் நகைச்சுவை எதையும் வகுப்பில் அனுமதிக்காதீர்கள்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் வாழ்வியல் கணிதம் என்ற பாடத்திலேயே கூட்டுவட்டி வந்துவிடுகிறது. ஆசிரியர் புதிதாகப் பாடத்திட்டம் எதையும் தேட வேண்டாம். அதே சூத்திரத்தில் கல்விக் கடனையும், தவணையில் வாங்கும் கைப்பேசியையும் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். கல்விக் கடனில் நாலு லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரி மாணவர்களிடம் பங்குச் சந்தை பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் பங்குசார் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர் என்ற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு முடிவைச் சொல்லிவிட்டு, அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயில் தொடங்கும் தொடர் வைப்புக்குத் திரும்புவது நல்லது.

பின்தொடர்தல்

மூன்று மாதம் கழித்து அதே குழுவுக்குத் திரும்பிச் செல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கையேடு கொடுத்தோம் என்பவை அறிக்கைக்கு உதவலாம்; பாடம் பதிந்ததா என்பதை அவை காட்டா. எத்தனை பேர் நகையை இடம் மாற்றினார்கள், எத்தனை பேர் விவரத் தாளைக் கேட்டார்கள், வாரிசு நியமனத்தை யார் முடித்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் அலைக்கழித்தார்கள் என்ற புகார் நிச்சயம் வரும். அப்போதே உட்கார்ந்து ஒரு பக்கத்தில் புகார்க் கடிதம் எழுத உதவுங்கள்: கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், நடந்த தேதி, கேட்டது என்ன, மறுத்தது என்ன, வேண்டுவது என்ன. கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதல் கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தாலும், இரண்டாவதைக் குழுவில் எழுதத் தெரிந்த ஒருவரே எழுதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ மகனோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.